மருந்து அடித்துவிட்டேன் அக்கா

பதினாலு வருஷம் பக்கத்து வீட்டிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் சாந்திமதி அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ரோஜாச் செடிகளுக்கு மருந்து அடித்துவிட்டேன். அடிக்க மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள்தான் நான். சொல்லி எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆனால் குற்றத்தில் பாதி உன்னுடையது. அதையும் எழுதாமல் விடப்போவதில்லை.

சாகப்போகிறவள் என்ன கேட்பாள்? பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பாள். வீட்டுக்காரருக்கு நேரத்துக்குச் சோறு கொடு என்பாள். நீ என்ன கேட்டாய்? "மரகதம், செடிங்கள நீ எடுத்துக்கோ. ஒரு நாள் தண்ணி ஊத்தாட்டிகூடப் பரவால்ல, மருந்து மட்டும் அடிச்சிடாத. ஒரு புழுகூட நம்மால சாவக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய். அந்த நேரத்தில் யாருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்? சரிக்கா என்றேன்.

அடுத்த மாதமே உன் வீட்டுக்காரர் மகனோடு வந்தவாசிக்குப் போய்விட்டார். உன் பதினொரு தொட்டிகளும் சுவர் தாண்டி என் கொல்லைக்கு வந்தன. உன் வீட்டில் இப்போது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். தொட்டிகள் இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது. அதற்குப் பூச்சி பிடிப்பதில்லை. கொடுத்து வைத்த மனுஷன்.

ஜைன வீட்டு நியமமெல்லாம் எனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பாய், வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்க மாட்டாய். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த நியமத்தை வைத்துக்கொண்டு வளர்க்க உனக்கு வேறு செடியே கிடைக்கவில்லையா? கற்றாழை வளர்த்திருக்கலாம். துளசி வளர்த்திருக்கலாம். ரோஜாவைப் போலப் பூச்சியைப் பந்தி போட்டு அழைக்கிற செடி இந்த ஆரணியில் வேறு உண்டா? துளிரில் பச்சைப் பேன், தண்டில் மாவுப்பூச்சி, மொட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு புழு சுகமாகப் படுத்திருக்கும்.

நீ தினமும் காலையில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாய். வேப்பங்குச்சியால் புழுவை நோகாமல் எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோய் எருக்கஞ்செடியில் விட்டுவிட்டு வருவாய். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏங்க்கா, ரோஜா எலைய தின்னுகினு இருந்த புழு எருக்க எலைய தின்னுமா? அங்க பட்டினி கெடந்துதான சாவும்?"

"அது பாடு அது. நான் சாவடிக்கல இல்ல?" என்றாய். எனக்கு வந்த கோபம்! இது என்ன நியாயம் அக்கா? எத்தனை தடவை யோசித்தும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உனக்காவது இலையைத் திருப்ப நேரம் இருந்தது. எனக்கு? விடிந்தால் என் வீட்டுக்காரருக்குத் தார் சுற்ற வேண்டும். ஊடைப் பட்டு நூலைக் குழல் குழலாகச் சுற்றிக் கொடுத்தால்தான் தறி ஓடும். முள் கீறிய விரலில் பட்டு நழுவுமா? சொரசொரப்பில் மாட்டி இழை இழையாகப் பிரியும். "காலைல முள்ளுல கைய வுட்டுகினு வந்து நூலத் தொட்டா இன்னாத்துக்கு ஆவும்? பேஜாரு புடிச்ச செடி!" என்று அவர் தறிக்குழியிலிருந்து கத்துவார். நான் அரிசி மாவைத் தேய்த்துத் தேய்த்து விரலை வழவழப்பாக்கிக்கொண்டு, உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டு உட்காருவேன்.

ஐப்பசி மழை விட்டதும் மாவுப்பூச்சி தொட்டிக்குத் தொட்டி தாவ ஆரம்பித்தது. மருந்து கூடாது. சரி, என்ன செய்வது? என் மூளை அப்போது பார்த்து வேலை செய்தது. நெய்வதற்கு முன்னால் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுப்போமே, அந்தத் தண்ணீர் ஆறிப்போய் அண்டாவில் கிடந்தது. சோப்புத் தண்ணீர்தானே, மருந்தில்லையே, பூச்சி வழுக்கி விழுந்து எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்து மூன்று தொட்டிச் செடிகளின் தலையோடு ஊற்றினேன். நாலாம் நாள் இலையெல்லாம் கருகியது. வாரம் திரும்புவதற்குள் மூன்று செடிகளும் போய்விட்டன. பூச்சி போகவில்லை. பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நல்லா கீதுடி. செடிய சாவடிச்சிட்டுப் பூச்சிய வளத்துகினு கீற."

மிச்சம் எட்டு. அதில் உன் கருஞ்சிவப்பு ரோஜாவும் ஒன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் பூக் கொடுப்பாயே, அந்தச் செடி. அதன் தண்டிலும் வெள்ளை ஏறியது. துளிர் சுருண்டுகொண்டது. மூன்று நாள் உட்கார்ந்து கையாலேயே பொறுக்கினேன். கண் எரிந்தது, தறி நின்றது. பொறுக்கப் பொறுக்க அது பெருகியது. நாலாம் நாள் அவர் உரக்கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். "போனவங்களுக்குக் குடுத்த வாக்கா, உசுரோட கீற செடியா? நீயே பாத்துக்கோ. ஜல்தியா பாத்துக்கோ" என்றார்.

உன் மேல் இருந்த கோபத்தில்தான் கலக்கினேன் அக்கா. செடியையும் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுகிற வழியையும் அடைத்துவிட்டுப் போனாயே என்ற கோபம். எட்டுத் தொட்டிக்கும் அடித்தேன். ஒரு இலையைக்கூட விடவில்லை.

மறுநாள் காலையில் பெருக்கப் போனேன். தொட்டிகளைச் சுற்றிப் புழுக்கள், எறும்புகள், இரண்டு மூன்று சிவப்புப் புள்ளி வண்டுகள் எல்லாம் விறைத்துக் கிடந்தன. முறத்தில் அள்ளினால் ஒரு கைப்பிடி இருக்கும். குப்பையில் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

யோசித்துப் பார். ஒரு பட்டுப் புடவைக்கு எத்தனை ஆயிரம் கூட்டைப் புழுவோடு கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள் என்று தெரியாதவளா நான்? எங்கள் வீட்டுச் சோறே அதில்தான் வருகிறது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த நூலைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கைப்பிடிப் பூச்சிக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தறியில் உட்கார்ந்தவர் தார் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார். என்னை இப்படிக் கெடுத்து வைத்தது யார்? நீதான்.

ஒரு தரம் உன்னிடமே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "பட்டுப்புழு பாவமெல்லாம் எங்களுக்குத்தானக்கா? மனசுல இன்னா நெனச்சிகினு எங்கூடப் பேசற?" நீ பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை. "நான் எப்பவாச்சும் உன்னக் கேட்டனா, மரகதம்?" என்றாய். அதோடு சரி. நீ பருத்தியைத் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் தறிச் சத்தம் நாள் முழுக்க உன் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது பொறுமையா, மரியாதையா? இல்லை, இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாயா? அதைச் சொல்லாமலே போய்விட்டாய்.

செடிகள் பிழைத்துவிட்டன. அது வேறு எரிச்சல். இந்த மாசி மாதத்தில் எட்டும் போட்டி போட்டுக்கொண்டு துளிர்க்கின்றன. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா போட்ட, இப்படிப் பூக்குது?" என்று கேட்கிறார்கள். நான் தார் சுற்ற உள்ளே போய்விடுகிறேன்.

இனி அடிக்கவே மாட்டேன் என்று மறுபடியும் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் வாக்கின் கதிதான் தெரிந்ததே. முடிந்ததைச் சொல்கிறேன், கேள். தார் சுற்ற உட்காருவதற்கு முன்னால் தினமும் அரை மணி நேரம் இலையைத் திருப்பிப் பார்ப்பேன். அவர் கத்தினால் கத்தட்டும். நிஜமாகவே முடியாமல் போனால்தான் பாட்டிலைத் தொடுவேன். தொட்டால் மறைக்க மாட்டேன், உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

பதினாலு வருஷம் என்னைப் பற்றி மனதில் வைத்திருந்தது எதுவோ, அதோடு இதையும் சேர்த்துக்கொள். கோபமென்றால் இப்போதாவது வாயைத் திறந்து திட்டிவிடு அக்கா. நீ பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூடப் பிறக்காமலே உனக்குத் தங்கையாகி, உன்னிடம் மாட்டிக்கொண்ட
மரகதம்