பேரிக்காயில் பச்சை மிளகாய்

கொடைக்கானல்
8-7-1958

அன்புள்ள சகாயராணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா?

நேற்று பங்களா அம்மா விருந்துக்காகப் பேரிக்காயையும் பிளம்ஸையும் பொடியாக நறுக்கி, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு, தேன் சேர்த்துப் பிசறச் சொன்னார்கள். பழத்தில் மிளகாயா என்று சிரித்தபடியே பிசறினேன். அந்நேரம் மேகம் சன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்க நீ உப்புப் பார்ப்பாயே, அந்த நினைப்பில், "உப்புப் பாரு புள்ள" என்று உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நீட்டினேன். மேகம்தான் வந்து கையை நனைத்தது.

இங்கத்து மிளகாயில் உறைப்பில்லை. கன்னிவாடிச் சந்தையில் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பு. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு அனுப்பு.

அம்மா கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். விருந்தாளிகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். உப்பு சரிதானா என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன்
பரமானந்தம்