உப்பு ஏறும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், காய்ச்சல் விட்டுவிட்டது. நிலம் அளக்கப் போன இடத்தில் உண்ணி கடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நீ என் கட்டிலருகே உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாய். நீ வந்திருப்பதை டாக்டரிடம் சொன்னேன்.

“இந்தக் காய்ச்சல்ல ரத்தத்துல உப்பு இறங்கிடும் தம்பி. அதான் இல்லாத ஆள் தெரியுது. உப்பு ஏறட்டும், அம்மா கிளம்பிடுவாங்க” என்று சிரித்தார்.

ஏறியது. நூலைப் பல்லால் கடிக்கும் முன்பே நீ எழுந்து போய்விட்டாய்.

மறுபடி இறங்கினால் ஆபத்தாம். ஆனாலும் அறைக்கு வந்ததிலிருந்து நான் கஞ்சியில் உப்புப் போடுவதில்லை. கவலைப்படாதே.

வேலைக்கு நேரமாகிறது. வெள்ளைப் பட்டன் இரண்டு அனுப்பு. ஊசியும் நூலும் நாற்காலியில் தயாராக இருக்கின்றன.

உன் மகன்