மூடித் தைத்த கயிறு

என் ஆசை அண்ணனுக்கு,

நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. கோம்பையில் இன்னும் உன்னைக் குடிகாரன் என்றுதான் பேசுகிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன்.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை உனக்கு. நாள் முழுக்கக் கயிற்று இருக்கையில் தொங்கிவிட்டுச் சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வருவாய். இடுப்பைச் சுற்றி ஒன்று, தொடைக்கு ஒவ்வொன்று, எல்லாம் கத்தாழை நார்க் கயிறு. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சோறு தின்பாய். பனை உயரத்தில் பயமில்லாமல் தொங்குகிறவன் மணைப்பலகையைக் கண்டு முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அண்ணி என்னை முறைப்பாள்.

தோட்டத்துச் சூப்பர்வைசர், கரண்டுக் கம்பத்தில் ஏறுகிறவர்கள் கட்டுகிற தோல் பெல்ட் ஒன்றும் கொடுத்துவிட்டார், எது தோதோ அதை வைத்துக்கொள் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லைப் புளியமரத்தில் இரண்டையும் மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பீடி தீரும் நேரம் தொங்கிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "தரையில நின்னு பாத்தா எல்லாம் சொகமாத்தேன் இருக்கும் ஆத்தா. தொங்குனாத்தேன் தெரியும்" என்றாய். பெல்ட் விலாவை நெரித்தது. கயிறு தொடையை அறுத்தது. பெண் பார்க்கப் போனவன் மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"கயித்தக் கொண்டா, நான் சொகமாக்கித் தாரேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். தையல்காரி என்ற திமிர். என் பழைய சேலைகளை நாலாக மடித்துத் தொடைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மேலே சிவப்பு மெத்தைத் துணி போட்டு, கயிறே தெரியாமல் மூடித் தைத்தேன். ஏறி உட்கார்ந்தவன் இறங்க மனசில்லாமல் ஆடிக்கொண்டிருந்தாய்.

உனக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கிளம்புமுன் கயிற்றை முழம் முழமாக விரலில் ஓடவிட்டுப் பார்ப்பாய். மறுநாள் அந்தத் திண்டைத் தடவிவிட்டு, "உள்ள இருக்குற கயித்த எப்பிடிப் பாக்குறது?" என்று கேட்டாய். "நான் தச்சதுல என்னத்தப் பாக்கப் போற? பேசாமப் போ" என்றேன். போய்விட்டாய். சாயங்காலம் நனைந்து வந்ததை, எப்போதும்போல அடுப்புக்கு மேலே காயப்போடப் போனாய். புதுத்துணி கரி பிடிக்கும் என்று கத்தி, வாங்கிக் கொடியில் போட்டேன். அந்த வருஷம் மலையில் மழை விட்டபாடில்லை. துணி காய்ந்தது, உள்ளே காயவில்லை.

ஒரு புதன்கிழமை விழுந்தாய். விழுந்த வேகத்தில் கிளையில் மாட்டி இருக்கை அறுந்தது, குடித்துவிட்டு ஏறியதால் வந்த வினை என்று தோட்டத்தில் முடித்துவிட்டார்கள். நீ சனிக்கிழமை தவிர வேறு நாளில் தொட மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் நம்பிவிட்டாள். "என்னயவிடச் சாராயந்தேன் பெருசாப் போச்சு அந்தாளுக்கு" என்று தினமும் சொல்கிறாள். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பேன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, தோட்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய உன் இருக்கையின் தையலைப் பிரித்தேன். வலது தொடைப் பக்கம் கயிறு கறுத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது. திரும்ப மூடித் தைத்தேன், கிழிசலோடு சேர்த்து. நல்ல கைவேலை, பிரித்த தடமே தெரியவில்லை. உன்னைக் கொன்றதைவிட அதுதான் பெரிய பாவம் என்று அப்போது தோன்றவில்லை.

நேற்று, உன்கூட மரம் ஏறிய மாரியப்பன் வந்தான். மெத்தைத் துணியையும் அவனே வாங்கி வந்திருந்தான். "அண்ணன் அம்புட்டுச் சொகமா உக்காந்திருந்தாக. எனக்கும் அதே மாதிரி தச்சுக் குடு ஆத்தா."

முடியாது என்றேன். "ஏன், உங்க அண்ணனுக்கு மட்டுந்தேன் தைப்பியோ?" என்று கோபித்துக்கொண்டான். தொடைக்கு அளவும் எடுத்துவிட்டேன், அண்ணே. அதுவரைக்கும் போய்விட்டேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து உன் இருக்கையை அவன் முன்னாலேயே பிரித்துப் போட்டேன்.

கறுத்த கயிற்றை விரலால் கிள்ளினான், பொடியாக உதிர்ந்தது. "அப்ப அண்ணன் குடிக்கலயா?"

"இல்ல."

என்னைத் திட்டவில்லை. "அண்ணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்று அண்ணி களையெடுத்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உனக்குச் செய்கிற சத்தியம். அவள் என்னை அடிப்பாள், அது பெரிதில்லை. இத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் உன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க வேண்டுமே, அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

நிற்பேன், அண்ணே.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பேச்சி