மாப்பிள்ளையை மறைத்த திரை

செவ்வாய், இரவு

பேனர் கடையில் இன்று மானம் போனது. லினக்ஸ் போட்ட என் மடிக்கணினியில் எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று அளவை இரட்டிப்பாக்கினேன். அதோடு இணைத்திருந்த, வாடிக்கையாளர் பார்க்கும் பெரிய திரையிலும் எல்லாம் ஊதிவிட்டது. மெனுவே பாதித் திரையை அடைத்துக்கொண்டது.

கல்யாண பேனர் பார்க்க வந்த அக்கா, “மாப்ள எங்கம்மா?” என்றார்.

முதலாளி அண்ணனுக்குக் கோபம். “பேசாம விண்டோஸ் போட்டுரு லா.”

“முடியாதுண்ணே.”

அண்ணன் போனபின் உட்கார்ந்து தேடினேன். கணினியில் உள்நுழையும்போது வேய்லண்ட் என்ற புதிய திரை முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு வைக்கலாமாம். வைத்தேன். மாப்பிள்ளை முழுசாக வந்துவிட்டார்.

நாளை திரையைப் பார்த்ததும், விண்டோஸ் போட்டுட்டியா என்று அண்ணன் கேட்பார். இல்லை என்று சொல்வதற்காகவே சீக்கிரம் போகிறேன்.