திரைக்குப் பின்னால் இருந்த பெட்டி

அத்தானுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நான் அந்தப் பேச்சைப் பேசியபோது கட்டிலில் மாரிராஜ் அண்ணன், பாயில் மதினி, வாசற்படியில் வீட்டுக்கார அக்கா. நீங்கள் மேசை ஓரமாக நின்றீர்கள். மறக்கக் கூடாதென்று எழுதி வைக்கிறேன்.

“அவ்ளோ பெரிய கம்ப்யூட்டர் பொட்டி எங்கம்மா பூட்ச்சு?” என்று அக்காதான் கேட்டார். “கேக்காமக் கொள்ளாம வித்துட்டு வந்து நிக்கீகளே, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?” என்று என் வாய் முந்திக்கொண்டது. “என்ன மாப்ள, பதிலக் காணோம்?” என்று அண்ணனும் ஏறினான்.

நீங்கள் திரைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அழுத்தினீர்கள். என் பரீட்சைப் பாடமெல்லாம் திரையில் அப்படியே வந்து நின்றது. பழைய பெட்டி பாதியில் நின்றுவிடுகிறது என்று நான் புலம்பியதற்காக, டிபன் பாக்ஸ் அளவுகூட இல்லாத புதியதை வாங்கித் திரையின் முதுகில் மாட்டியிருக்கிறீர்கள். பரீட்சைப் பதற்றம் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். சாப்பிடாமலே நைட் ஷிஃப்டுக்கு ஒரகடம் பஸ் ஏறிவிட்டீர்கள்.

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது; சுடவைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு அண்ணன் உங்களைச் சமாதானப்படுத்த வருவான். கதவைத் திறப்பது உங்கள் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று பேரையும் அதே இடங்களில் உட்காரவைத்து, நான் மேசை ஓரமாக நின்று, அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பேன்.

பாண்டிச்செல்வி

கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அணைக்கத் தெரியும், திரும்பப் போடும் பொத்தான் எங்கே என்றுதான் தெரியவில்லை. காட்டிக்கொடுங்கள்.

இதைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, சாவியோடு அக்காவிடம் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறேன். பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவரும் அங்கே இருந்தவர்தானே.