மஞ்சள் தண்ணி குடித்த கேம் மிஷின்

இன்று காலை நம்ம வீடியோ கேம் மிஷினுக்குள் மாட்டிக்கொண்டேன். புதுத் திரை பொருத்தலாமென்று அதன் பின்கதவு வழியாகத் தலையை நுழைத்தேன். கூடவே நுழைந்த தொப்பை திரும்பி வரவில்லை. மனைவி ஒரு காலையும் மகள் ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். "இந்த வயசுல இன்னா ஆட்டம் உங்களுக்கு?" என்று மனைவி போட்ட சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. கூட்டாளி, நீ இருந்திருந்தால் இழுத்திருக்க மாட்டாய். காசு போட்டு ஆடியிருப்பாய்.

மாட்டிக்கொண்ட அந்த ஐந்து நிமிடத்தில்தான், முதல் தடவையாக உள்ளே அண்ணாந்து பார்த்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாம் கடை வைத்திருந்தபோது, மலையிலிருந்து இறங்கும் கூட்டம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து ஆடும். ரிப்பேர் வேலை உன்னுடையது. பத்தாவது ஃபெயிலான எனக்கு ஆள் கூப்பிடும் வாய் வேலை. ஆயுத பூஜை வந்தால் நீ சொல்வது ஒன்றுதான்: "பொட்டு மேல மட்டும்டா. தண்ணி காட்டின, கைய ஒடிச்சுடுவேன்."

கடையை மூடியபின் கடைசி மிஷின் புத்தூரில் உன் வீட்டில் சும்மா நின்றது. போன வருஷம் உனக்கு ரெண்டு கிட்னியும் போய், திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு வர ஆரம்பித்தாய். "ஒரே ஒரு ஆட்டம் ஆடணும்டா. எடுத்துக்கினு போய் ரெடி பண்ணு" என்றாய். பதினைந்தே நாள் என்று பெருமையடித்துத் தூக்கி வந்தேன். ஆயுத பூஜையன்று உனக்காக வேண்டிக்கொண்டு, ஒரு செம்பு மஞ்சள் தண்ணியை அதன் தலையில் ஊற்றினேன். நீ சொன்னது ஞாபகம் இருந்தது. உனக்காகத்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு வெடி. போர்டு கருகிவிட்டது. திரையும் போச்சு.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில், கையில் குழாயோடு நீ கேட்டாய்: "படம் வந்துச்சா?"

"ஜம்முனு வந்துச்சு."

"சத்தம்?"

அதையும் விட்டுவைக்கவில்லை நான். குண்டு வெடிப்பது, கார் வழுக்குவது எல்லாவற்றையும் வாயாலேயே போட்டுக் காட்டினேன். நர்சம்மா ஓடிவந்து, "ஏன்ட்டி சார், இதி ஆஸ்பத்திரி!" என்று தெலுங்கில் அதட்டினார். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அதன்பின் போகும்போதெல்லாம், "எங்க, அந்தச் சத்தத்தை இன்னொரு தபா போடு" என்பாய். போடுவேன். மூக்கில் மாஸ்க் வைத்திருந்த கடைசி நாள், கட்டைவிரலால் பட்டன் அமுக்கிக் காட்டினாய். அன்றும் போட்டேன். நீ சிரிக்கவில்லை. மறுநாள் உன்னைப் புத்தூரில் எரித்துவிட்டு வந்தோம்.

இன்று அண்ணாந்து பார்த்தேனே, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடம் காலி. ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் கறை படிந்த ஒரு சீட்டு. எதைக் கழட்டினாலும் சீட்டு ஒட்டுவது உன் பழக்கம். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ, தமிழையும் தெலுங்கு எழுத்திலேயே எழுதுவாய். "ஸ்பீக்கர் பிள்ளையார் பந்தலுக்கு எடுத்தேன். திரும்ப மாட்டணும்."

நம்ம மிஷினிலிருந்து சத்தமே வராது என்பது உனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் போடச் சொல்லியிருக்கிறாய்.

சீட்டை நான் எடுக்கவில்லை. போர்டு தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் மாட்டுவேன். ஸ்பீக்கர் மாட்ட மாட்டேன்.

உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வாய் எத்தனையோ சத்தம் போட்டது. இது ஒன்றுதான் வரவில்லை: அது ஓடலடா. நீ சொல்லியும் நான்தான் தண்ணி ஊத்தினேன்.