வராத குரல்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வேலை பார்க்கும் சப்போரோவில் பனி தொடங்கியிருக்கும். பொட்டலத்தில் கம்பளிக் காலுறைகளோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன்.

ஞாயிறு மதியம் கனாசாவா நகர அரங்கில், எல்லோரையும் அழவைக்கும் அந்தப் பிரிவுப் பாட்டைப் பாடினேன். கடைசி உச்சத்தில் வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. பியானோ வாசிக்கும் குசாகா பதறி, அதே வரியைத் திரும்ப வாசித்தான். நான் அழுகிறேன் என்று நினைத்து அரங்கமே அழுதது.

வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இடத்துல நீங்க அழுதீங்களே, எங்களால தாங்கவே முடியல!" தலைகுனிந்து நன்றி சொன்னேன்.

வண்டியில் குசாகா மெதுவாகக் கேட்டான். "அக்கா, நீங்க அழல. குரல் வரல, அப்படித்தானே?"

"ஜலதோஷம்டா."

"மூணு மாசமாவா?"

செவ்வாய்க்கிழமை மருத்துவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். அவர் சொன்ன சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னார். உங்களுக்கு அங்கே வேலை இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் மறுபடியும்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். என் குரலைக் கேட்டுவிடுவீர்களே என்று பயம். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வெளியே வந்தது.

வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி